சூசைமேரி விட்டுவைத்த பிழை

1974-இல் சூசைமேரி மெட்ராசுக்கு வேலைக்குப் போனபோது அவளுடைய அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி., திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் ஹையர், பிறகு மவுண்ட் ரோடு பக்கம் மின்விசிறி விற்கும் ஒரு கம்பெனியில் பஞ்ச் ஆபரேட்டர். எழுத்தையும் எண்ணையும் அட்டையில் துளைகளாக அடிப்பது அவள் வேலை. அந்த அட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்.

அட்டை அடிக்கும் அறையில் எல்லாரும் பெண்கள். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதித் தரும் ப்ரோகிராமர்கள் எல்லாரும் ஆண்கள். "பொம்பளைக்கு வெரல் வேகம், ஆம்பளைக்கு மூளை வேகம். அதான் ஆபீஸ் ஓடுது" என்று மேனேஜர் காசிலிங்கம் சொல்வார். அதைப் பாராட்டாகவே சொல்வார்.

ப்ரோகிராம் தாள்களை அடித்து அடித்து, சூசைமேரிக்கு அவற்றின் போக்கு பிடிபட்டுவிட்டது. அதை முதலில் கவனித்தவள் பக்கத்து மெஷின் தையல்நாயகி.

"ஏய், நீ அடிக்கிறியா, படிக்கிறியா?"

"இந்த வரி எங்க போவுதுன்னு பாக்கறேன்."

"எங்க போனா உனக்கென்னாடி? சம்பளம் ஒண்ணுதான்."

அங்கே ப்ரோகிராமராக இருந்த சகாயநாதன் மரக்காணத்துக்காரன், அவளுடைய மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன். 1976 மே மாதம் கல்யாணம் ஆயிற்று. கல்யாணமானால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது கம்பெனியின் அன்றைய வழக்கம், விட்டாள். அவன் திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்தான். அவள் மாமியார் ஆனந்தம்மாளோடு மரக்காணத்தில் இருந்தாள்.

"கொஞ்சம் பொறு மேரி. மெட்ராஸ்ல வூடு பாத்துடறேன். கல்யாணமான பொண்ணுங்களையும் ப்ரோகிராமரா எடுக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. டெஸ்ட் வச்சா நீ எழுது" என்றான். ஈஸ்டர் முடியட்டும் என்றான். மழை போகட்டும் என்றான். மாதா திருவிழா கழியட்டும் என்றான். மறுபடி ஈஸ்டர் வந்தது.

இதற்கிடையில் ஒருநாள் அவன் வீட்டுக்கு எடுத்து வந்த தாளில் ஒரு சிக்கல். தண்ணீர் கொடுக்க வந்தவள் எட்டிப் பார்த்து ஒரு வரியைக் காட்டினாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவன் பையில், அழுக்குத் துணிகளுக்கு அடியில், ப்ரோகிராம் தாள்கள் வந்தன. ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அவள் பென்சிலும் ரப்பருமாக உட்காருவாள். தானே அந்த மெஷின் என்று வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து நடப்பாள். தவறியிருந்தால் திருத்துவாள். அவன் நன்றி சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. மெட்ராஸ் போய் டெஸ்ட் எழுதும் நாள்வரை கை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

1978 மார்ச்சில் வந்த ப்ரோகிராம் பெரிய காரியம். கம்பெனியின் பன்னிரண்டு கிடங்குகளின் சரக்கிருப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சடித்துத் தர வேண்டும். முதலாளியே வந்து பார்க்கப் போகிறார். ஒரு கிடங்கு முடிந்ததும் ப்ரோகிராம் மூன்றாம் பத்திக்குத் திரும்பி அடுத்ததை எடுக்க வேண்டும். சகாயநாதன் இரண்டாம் பத்தி என்று எழுதியிருந்தான். அங்கே போனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பத்துக் கூடை உப்பு சுமந்ததும் நிறுத்து என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கூடைக்கும் பிறகு ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னால் சுமப்பவளுக்கு எப்போது ஓய்வு? சூசைமேரி இரண்டை அழித்து மூன்று எழுதினாள்.

அப்போது வெளிக் கொட்டகையில் சகாயநாதனும் அவன் அண்ணனும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்; பேச்சு உள்ளே வரை கேட்டது. அண்ணன் சிலுவைமுத்து உப்பளத்தில் மேஸ்திரி.

"ஏம்பா சகாயம், அந்த மெஷினு பொம்பளைங்க சொன்னா கேக்குமா?"

"பொம்பளைங்க சொன்னா யாருண்ணா கேப்பா?"

சிரிப்பு அடங்கியதும் அண்ணன், "இல்லடா, மேரியை மெட்ராசுக்கு இட்டுனு போறேன்னியே?" என்றான்.

"அட போண்ணா. போன மாசம் எங்க ஆபீஸ்லயே டெஸ்ட் வச்சாங்க. உன் வொய்ஃபு எழுதுறாளான்னு மேனேஜரே கேட்டாரு. அவளுக்குப் பயம் சார், வேணாங்கறான்னுட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல ஒக்காந்தா வூட்ல யாரு பேச்சு எடுபடும்? பொம்பளைக்கு லாஜிக் வராதுண்ணா. வந்துட்டா குடும்பம் வராது."

"அதுவும் சரிதான். அளத்துல பொம்பளைய மேஸ்திரியாக்கினா உப்பா வெளையும்? எறக்கு சீட்டை."

சூசைமேரி மறுபடி ரப்பரை எடுத்தாள். தான் எழுதிய மூன்றை அழித்து, அவன் கையெழுத்துப் போலவே இரண்டு போட்டு, தாள்களைப் பையில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சகாயநாதன் கலகலப்பாக வந்தான். சாப்பிடும்போது சொன்னான்: முதலாளி பக்கத்திலேயே நிற்க, கம்ப்யூட்டர் முதல் கிடங்கின் வரியையே திரும்பத் திரும்ப அடித்து, பெட்டிக் காகிதம் முழுவதும் பாழாயிற்று.

"நல்லவேளை, என் தாள்ல சரியாத்தான் இருந்துது. அட்டைலதான் தப்பு. மூணுக்கு ரெண்டு அடிச்சிருக்கா உன் சிநேகிதி தையல்நாயகி. அன்னிக்கே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

"பொட்டச்சிங்க கையில குடுத்தா அப்டித்தான்" என்றபடி ஆனந்தம்மாள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சூசைமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "தாள்ல ரெண்டுதான இருந்துது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆமா. மூணை அழிச்ச தடமும் இருந்துது. அதைப் பாத்துதான் தப்பு எதுன்னு எனக்கே தெரிஞ்சுது. யாரும் பாக்கறதுக்குள்ள மூணாக்கிட்டேன். நீ ஏன் அழிச்சேன்னு நான் கேக்கல. நீயும் எதையும் கேக்காத."

திங்கட்கிழமை விடியற்காலை அவன் பஸ் ஏறியபோது அவளும் ஏறினாள். திண்டிவனம் வரை திட்டிக்கொண்டே வந்தான்.

ஆபீஸில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொன்னார்.

"சார், தப்பு தாள்லயே இருந்துது. நான் பாத்தேன். தையல்நாயகி இருந்ததைத்தான் அடிச்சா."

காசிலிங்கம் புன்னகைத்தார். "சிநேகிதிக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. நல்ல மனசும்மா. ஆனா டெஸ்டுக்கே பயந்தவங்க நீங்க. ப்ரோகிராம்ல தப்பு பாத்தேன்னா எப்படி?"

"நான் பயப்படல சார். ஏதாவது ஒரு தாள் குடுங்க, இங்கியே படிச்சுக் காட்டறேன்."

மேனேஜர் சகாயநாதனைப் பார்த்தார். அவன் மேசை விளிம்பைப் பார்த்தபடி, "அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார். அந்தப் பொண்ணு மேல பாசம்" என்றான்.

"உக்காந்து காபி சாப்பிடும்மா" என்றார் மேனேஜர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில் சைதாப்பேட்டையில் இறங்கி, தையல்நாயகியின் வீட்டை விசாரித்துப் போனாள். வாசலில் நின்றபடியே, அழித்ததையும் மறுபடி எழுதியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். தையல்நாயகி முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. "என் கண்ணுதான் கெட்டுடுச்சோன்னு நெனச்சேன் மேரி." கொஞ்சம் பொறுத்துத்தான் மீதியும் அவளுக்கு உறைத்தது.

"உன் புருஷன் மேல கோவம்னா அவன் சோத்துல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கலாமே. ஏண்டி என் சோத்துல கொட்டுன?"

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்த பையில் அழுக்குத் துணி மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. மெட்ராஸ் வீட்டைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனாலும் நெடுநாள் வரை, பையைக் கவிழ்த்துக் கொட்டியபின் அடியில் கைவிட்டு ஒருமுறை துழாவிப் பார்ப்பாள். பிறகு சட்டைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள்.