என் நம்பருக்கு வந்த பிரசவத் தேதி

அந்தச் செய்தி வந்தபோது மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடியில் கிடந்த போன் ஒரு தரம் உறுமி அடங்கியது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தேன். ‘அன்புள்ள செல்வி, தங்கள் மகப்பேறு முன்பதிவு உறுதி செய்யப்பட்டது. மருத்துவரைச் சந்திக்க வரவும்.’ ஏதோ ஒரு எழுத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று முதலிலிருந்து மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது. செல்வி என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எனக்கோ மூட்டு வலி தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை.

என் ஓரகத்திக்குப் பக்கத்து வீடு. கீரை வாங்க வந்தவளிடம் போனைக் கொடுத்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். ஒரே மூச்சில் படித்துவிட்டு, மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாக்கா, மாமா போயி எத்தினி வருசமாச்சி! எனுக்கு ஒரு வார்த்த சொல்லாம வளகாப்பு வரிக்கும் வந்துட்டியா?”

“வாய மூடுடி. எவனோ நம்பர மாத்திப் போட்டுக்கிறான்.”

“கோச்சிக்காதக்கா. எங்க மரத்துல மாங்கா கீது, வாய்க்கு ஆசயா இருந்தா சொல்லு.”

அதோடு நிற்கவில்லை. மறுநாள் முருகேசன் என்பவருக்கு முழங்கால் படம் எடுக்க வரச் சொல்லி என் போனுக்குச் செய்தி வந்தது. அதற்கடுத்து ஒரு கைக்குழந்தைக்குத் தடுப்பூசி. பிறகு பாத்திமா என்பவருக்குப் பல் பிடுங்க நேரம் குறித்திருந்தார்கள். ஒரே வாரத்தில் நான் ஆணாகவும் பெண்ணாகவும் குழந்தையாகவும் ஆகிவிட்டேன். ஓரகத்தி தினமும் சாயங்காலம் மதிலோரம் வந்து, “இன்னிக்கி யாருக்கா நீ?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். எனக்கும் அதில் ஒரு குஷி இருந்ததை மறைப்பானேன்.

அப்போது மேல் வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் மாடியிலேயே உட்கார்ந்து வேலை செய்வாள். மீதி நாள் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஆபீசுக்குப் போவாள். நான் அந்த எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங்கில் நின்றவள். அந்தச் சம்பாத்தியத்தில் சீட்டுக் கட்டித்தான் இந்த வீட்டை எழுப்பினேன். அதனாலேயே, அவள் எஸ்டேட் என்று சொன்னால் எனக்குக் காது நிமிரும். இப்போது அங்கே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றனவாம். நிற்கட்டும். அந்த மண்ணில் என் கால் பட்டது அவற்றுக்கு முன்னால்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது வெகுநாள் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் குடிதண்ணீர் கேனுக்காக மேலே போனபோது அவள் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் தானாக வேலை செய்துகொண்டிருந்தது. யாரும் தொடாமலே அம்பு நகர்கிறது, கட்டங்களில் பெயர் தானாக விழுகிறது, பக்கம் மாறுகிறது. பேய் பிடித்த வீட்டில் ஜன்னல் திறப்பதைப் போல இருந்தது. “இதுதாம்மா என் வேல” என்றாள். ஆஸ்பத்திரிகளுக்காக ஒரு செயலி செய்கிறார்களாம். போனிலேயே பெயரைப் பதிந்து, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொள்ளலாம். அது ஜனங்கள் கைக்குப் போகும் முன்னால் சரியாக நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நூறு தரம் கையால் தட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, தட்டும் வேலையையே கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறாள். சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு.

செய்திகள் வந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் அவள் துவைத்த துணியை எடுத்துப்போகக் கீழே வந்தாள். வேடிக்கையாக இருக்கட்டும் என்று போனை நீட்டி, “தோ பாரு கண்ணு, எனுக்கு பிரசவத்துக்கு நாள் குறிச்சிக்கிறாங்கோ” என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். செல்வி, முருகேசன், பாத்திமா என்று விரலால் தள்ளிக்கொண்டே போனவள், ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, இவங்க யாரும் நெசமான ஆளுக இல்ல. சோதிக்கதுக்காக நாங்க வச்ச பேரு.”

“பேரு உங்களுது. நம்பரு என்னுதாச்சே?”

“அதத்தாம்மா பாக்கேன்.”

எனக்கு நினைவு வந்துவிட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், “உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், வாசிச்சுச் சொல்லுதீங்களா?” என்று அவள் படியிலிருந்து குரல் கொடுத்தாள். அவளுடைய நம்பரை ஏற்கெனவே பதிந்துவிட்டாளாம். புதிதாக ஒன்று வேண்டியிருந்ததாம். எழுத்து தடுமாறினாலும் எண்ணில் நான் புலி. கணீரென்று வாசித்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் போன் நம்பரைப் போட்டவள் திருப்பி எடுக்க மறந்திருக்கிறாள்.

அதில் இவ்வளவு இடிந்துபோக என்ன இருக்கிறது என்று கேட்டேன். என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். அன்று பின்மனையில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை எந்திரத்திலிருந்து சாரம் வரை ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று, சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டித்தான் அவள் சொன்னாள். அவள் எழுதும் வேலையும் இப்படி வரிசையாக நிற்கிற சின்னச் சின்ன வேலைதானாம். பெயர் பதிவது ஒன்று, டாக்டரிடம் நேரம் வாங்குவது ஒன்று, செய்தி அனுப்பிப் பார்ப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு தரம் எழுதி வைத்துவிட்டால், கண் ஆஸ்பத்திரிக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் அதே ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆள் மட்டும் நின்றால் போதாது. முன்னால் நிற்பவர் தருவதை வாங்கி, பின்னால் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கைமாறிப் போகும் பெயரும் நம்பரும் இருக்கிறதே, அதற்கு அவர்கள் பாஷையில் பாராமீட்டர் என்று பெயர்.

“நடுவுல நிக்கிற ஒரு அம்மா, கீழ இருந்து வார சட்டிய ஓரமா வச்சிட்டு, தன் காலடியில இருக்க சட்டியவே எப்பவும் எடுத்துக் குடுத்தா?”

“மேல இருக்கறவனுக்கு சட்டி வந்துகினேதான் இருக்கும்” என்றேன். “ஆனா கீழ கலக்கறது இன்னா லட்சணத்துல கீதுன்னு எவனுக்குந் தெரியாது.”

“அந்த அம்மா நாந்தான். செய்தி அனுப்புத வேலைக்குள்ள உங்க நம்பரயே வச்சுத் தச்சுட்டேன். செல்வி நம்பரக் குடுத்தாலும், முருகேசன் நம்பரக் குடுத்தாலும், அது வாங்காம உங்களுக்கே அனுப்பியிருக்கு. செய்தி போச்சா, போச்சு. உடனே பச்ச. யாருக்குப் போச்சுன்னு யாரும் பாக்கல.”

அந்தத் தளத்துச் சட்டி எனக்குப் புதிதல்ல. இந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்று சித்தாள்களோடு நானும் வரிசையில் நின்றவள். அதனால் அவள் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. அவள் முகம் வாடியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். அவள் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமைதான் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று சொல்லப்போகிறார்கள். அவளுடைய அப்பா, “வேல நிரந்தரமாச்சின்னா இரு. இல்லன்னா மூட்டயக் கட்டிக்கிட்டு ஊருக்கு வா, மாமா கடையில கணக்குப் பாரு” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அதையே கேட்பார். மாடியில் அவள் பேசுவது எனக்குக் கேட்கும். இந்த ஊரைவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

“எனுக்கு வந்தா வந்துட்டுப் போவுது” என்றேன். “கம்முனு நம்பர எடுத்துட்டு சரிபண்ணிடு. வெள்ளிக்கெழம தாண்டட்டும். யாரு உன்ன கேக்கப் போறாங்கோ?”

அப்படிச் சொன்னதற்கு நான் வெட்கப்படவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேலை பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு துணியைக் கொடியில் போட்டபடியே சொன்னாள். அந்த வேலையை எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கிறாளாம். கூட இருக்கிறவர்கள் ஆளாளுக்கு அதை எடுத்துத் தங்கள் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் பச்சையெல்லாம் இவளுடைய பொய்ப் பச்சை. “நாளைக்கு நெசமாவே ஒரு செல்வி பேரு பதிஞ்சு, அவளுக்குச் செய்தி போகாட்டி?” என்று கேட்டாள். என் போனில் இருந்த செல்வி அதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒரு வராந்தாவில் காத்திருக்கிறவளாக ஆகிவிட்டாள்.

மறுநாள் காலை நான் படி பெருக்கிக்கொண்டிருந்தேன். படி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மேலே அவள் கம்ப்யூட்டரில் ஆபீஸ்காரர்களோடு பேசும் குரல் கேட்டது. “அத எழுதுனது நான்தான். நம்பர வெளியில இருந்து வாங்காம உள்ளயே வச்சிருக்கேன். அதனால உங்க எல்லாரோட பாஸும் செல்லாது. திரும்ப ஓட்டிப் பாக்கணும்.” குரல் நடுங்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், நான் சொன்னதையே சொன்னது: “இத நீயே சைலண்ட்டா சரி பண்ணிருக்கலாமேம்மா?” கூட வேலை செய்யும் பையன் போலிருக்கிறது. நல்லவனாகத்தான் இருப்பான்.

எல்லோரும் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பச்சையாக இருந்ததில் பாதி சிவந்துவிட்டதாம். அதில் பெரும்பாலும் சில்லறைத் தவறு. ஒன்று மட்டும் மெய்யான ஓட்டை. தாயும் பிள்ளையும் ஒரே போன் நம்பரில் பதிந்தால், பிள்ளைக்குப் போக வேண்டிய செய்தி எங்கேயும் போகாமல் நின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் என்று இருந்த வீடுகள் எத்தனையோ. செயலி வெளிவருவதைத் தள்ளி வைத்தார்கள். அவளுடைய மேலதிகாரிக்கு மேலிடத்தில் பேச்சு விழுந்தது. அவர் அதை இவள்மேல் இறக்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே வந்து, “பொங்கல் கழிச்சுப் பாப்போம்னுட்டாங்கம்மா” என்றாள். நிரந்தரமும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அரைத்த மாவு ஒரு கிண்ணம் கொடுத்தேன். தோசை ஊற்றித் தின்றாளா, தெரியாது.

அப்பாவிடம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் போனில் சொல்லிவிட்டாள். அவர் “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் இறங்கினார். ராத்திரி ரயிலில் வந்த கசங்கல் தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் இன்னார் என்று தெரிந்துவிட்டது, அதே மூக்கு. கூட்டிப்போகத்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஓரகத்தி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “ஊட்ட காலி பண்றாளாக்கா?” என்று கிசுகிசுத்தாள். “நீ உள்ள போடி” என்றேன்.

மேலே சத்தம் கேட்டு அந்தப் பெண் படியில் பாதி இறங்கி அப்படியே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். ஆட்டோவுக்குள் குனிந்து, கோணிச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்ட ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கனம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. சாக்கு விலகிய இடத்தில் பார்த்தேன், மாவு அரைக்கும் கிரைண்டர்.

“ஏம்மா, இத எங்கன வைக்க?” என்று என்னைத்தான் கேட்டார். “கட மாவு வாங்கித் திங்கான்னு அவ அம்மா குடுத்து விட்டா.”

கூட்டிப்போக வந்தவர் யாராவது கிரைண்டரைச் சுமந்துகொண்டு வருவாரா? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் காட்டாமல், “சொவுத்துல இடிக்காம ஏறுங்க. போன வருசந்தான் பெயிண்ட் அடிச்சேன்” என்றேன். படியில் நின்றவள் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தாள். அப்பனும் மகளுமாகப் படிக்குப் படி நிறுத்தி, மூச்சு வாங்கி ஏறினார்கள். நடுப்படியில் நிறுத்தியபோது அவர், “நெசத்தச் சொல்லிட்டேல்லா, பொறவென்ன” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“தோ பாரு கண்ணு” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். “மத்தியானத்துல மட்டும் அரைக்காத. நான் படுப்பேன்.”

பொங்கல் கழித்து அவளை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் மத்தியானத்தில் அரைக்காமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் ஒழிகிறது என்பாள். நானும் அவள் வீட்டைக் காலி செய்கிறவரைக்கும் அதற்காகச் சண்டை போட்டேன். இப்போது கல்யாணமாகி மாங்காட்டில் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். மேலே இருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் அமைதியானவர்கள். மாவைப் பாக்கெட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். மத்தியானத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. சில நாள், இவ்வளவு நன்றாக வர வேண்டாம் என்றிருக்கிறது.