இணைச்சீருக்குப் போன மோட்டார் சைக்கிள்

கொழிஞ்சாம்பாறை நாச்சம்மாளுக்கு ஓர் ஆசை பிடித்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. 1931இல் பிடித்த ஆசை, தம்பி ஈஸ்வரமூர்த்தியின் கல்யாணத்துக்குக் கோவிந்தாபுரத்தில் மோட்டார் சைக்கிளில் போய் இறங்குவது. மாட்டு வண்டியில் சொந்தபந்தங்களை விடியும்முன்னே அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையின் அக்காள் இல்லாமல் இணைச்சீர்ச் சடங்கு நடக்காது. அது நடக்காமல் தாலி ஏறாது. அந்தக் கவலையே இல்லாமல் பட்டுச்சேலையோடு வாசலில் நின்றார்.

மோட்டார் சைக்கிள் பழசு. மூணாற்றுத் தோட்டத்தை விட்டுப்போன துரையிடம் கணவர் சென்னிமலை வாங்கியது. நல்ல நாளாயிற்றே, எஞ்சினுக்குப் புது ஸ்பார்க் பிளக் போடலாமென்று பழையதைக் கழற்ற உட்கார்ந்தார். இடப்பக்கம் சுற்றினால்தான் மரை கழலும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இடச்சுற்று சாவுக் காரியத்துக்கு உரியது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற மனிதர் அதைச் செய்வாரா? வலப்பக்கமாகவே மூச்சைப் பிடித்து முறுக்கினார். பிளக்கின் தலை ஒடிந்து கையோடு வந்தது. நடுவில் துளை விழுந்த மரைத்துண்டு மட்டும் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டது.

"ஏனுங்க, இப்பவாச்சும் எடப்பக்கம் திருப்புங்க!"

"இன்னைக்கு அந்தப் பேச்சே வேண்டாம் புள்ள."

நாச்சம்மாளுக்கு அழுகை முட்டியது. மணையில் தம்பி வழிபார்த்து உட்கார்ந்திருப்பானே! கணவரின் கையிலிருந்த பிளக் தலையைப் பார்த்ததும் அழுகை சிரிப்பாக மாறிவிட்டது. சிரிக்கச் சிரிக்க யோசனையும் வந்தது. நாற்பட்டை ஆணி ஒன்றைத் துளைக்குள் இறுக அடித்தார். மண்ணெண்ணெய் விட்டார். ஆணியைக் குறட்டால் கவ்விக்கொண்டார்.

"ஆணிய ஆரும் திருப்ப வேண்டாமுங்க. நான் அசையாமப் புடிச்சுக்கறேன். நீங்க வண்டிய வலமாச் சுத்துங்க!"

பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த மாரப்பனும் ஆட்களும் ஓடிவந்து, சப்பரம் தூக்குவதுபோல் வண்டியைத் தூக்கித் திருப்பினார்கள். கொஞ்சம் திரும்பியதும் குறட்டை விட்டு, நகர்ந்து, மறுபடி கவ்வினார் நாச்சம்மாள். வாசலே சிரிப்பில் ஆடியது. வண்டி வலமாகச் சுற்றச் சுற்ற, மரைத்துண்டு இடமாகக் கழன்று ஆணியோடு வெளியே வந்தது!

பிளக் ஒடிந்தபோது உள்ளே விழுந்த அதன் பீங்கான் சில்லுகளை, வண்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். புது பிளக்கை மாட்ட வலச்சுற்றுதான். சென்னிமலை அதைக் கண்ணில் ஒற்றி, ஆசை தீரச் சுற்றினார்.

"போதுமுங்க, இதையும் ஒடிச்சுராதீங்க!"

பட்டுச்சேலையெல்லாம் கரி. கோவிந்தாபுரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஈஸ்வரமூர்த்தி மணையைவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஏனக்கா இத்தன நேரம்? உசுரே போயிருச்சு!"

"நான் என்ன சாமி பண்ணட்டும்? மூணு சுத்து வலம் வந்தாத்தான் கெளம்புவேன்னு வண்டி அடம்புடிச்சிருச்சு!"