தம்பிக்கு மறுத்த நெருப்பு

கோட்டையில் ஒல்லாந்து வெள்ளைக்காரர் இருந்த காலம். ஏரியில் எந்த வீட்டுக்காரர் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் குப்பத்தில் கோயில் முன்னால் ஓலைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். அதில் வரும் வழக்கைக் கோட்டைக்குக் கொண்டுபோகிறவன் வீட்டுக்கு யாரும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக்கூடாது. அது ஊர்க்கட்டு.

சீட்டில் மோசடி நடக்கிறது என்று என் தம்பி கோட்டை வாசலில் போய் நின்றான். ஊர்க்கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்து, "ஒன் தம்பிதானே, நீயே சொல்லு" என்றார். நான் பெரிய நியாயவான் அல்லவா? கட்டு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்த தம்பி மனைவியை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

அடுத்த சீட்டு நாளில் தலைவரின் பாயிலேயே கோட்டை வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியும் உட்கார்ந்திருந்தார். இறால் குவியும் முகத்துவாரம் சீட்டுக்கே வரவில்லை. அதைத் தலைவர் பேருக்குக் கோட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஊர்க்கட்டு இன்னா ஆச்சு தலைவரே?" என்று கேட்டேன்.

"அது ஊருக்குப் போட்டதுடா" என்றார்.

அன்று சாயங்காலம் தலைவர் வீட்டிலிருந்து நெருப்பு கேட்டு வந்தார்கள். என் கையாலேயே அள்ளிக் கொடுத்தேன்.