கம்பைலர் விடாத கதவு

எழுதிய நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை ஓடவிட்டதும் சித்தப்பா இடது உள்ளங்கையால் திரையின் அடிப்பாதியைப் பொத்திக்கொள்வார். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விலக்குவார். பிழையைக் காட்டும் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டால் கை தானாக மூடிக்கொள்ளும்.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் சித்தப்பா. லிப்ட்டை இயக்கும் பழைய நிரலை சி மொழியில் எழுதியவர். நரை விழுந்த பிறகு ரஸ்ட் கற்று, அதில் நிரலைப் புதிதாக எழுதுகிறார். நினைவகத்தில் தப்பு நேரக்கூடிய இடத்தை நிரல் ஓடுவதற்கு முன்பே மறித்துவிடும் மொழி அது.

"சித்தப்பா, சாயங்காலம் ஆஸ்பத்திரியோட புது லிப்ட்டுக்கு நிரல் போயாகணும்," என்றாள் மேலாளர். "புதுசு ஓடலேன்னா உங்க பழசையே ஏத்திடுவேன்."

"பழசுக்கு என்னம்மா குறை? பக்கத்துக் கட்டடத்துல இத்தனை வருஷமா ஓடுது."

"அப்புறம் எதுக்கு வேர்க்குது உங்களுக்கு?"

அவர் திரைப் பக்கம் திரும்பினார். கம்பைலர் காலையிலிருந்து ஒரே இடத்தில் முரண்டு பிடித்தது. மோட்டார்ப் பகுதி மாடி எண்ணை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கதவுப் பகுதி அதைப் படிக்கிறது, விடமாட்டேன் என்றது. பழைய நிரலிலும் அவர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

'இது என் பொறுப்பு, நீ தலையிடாதே' என்று கம்பைலரிடம் சொல்ல ஒரு சொல் உண்டு: அன்சேஃப். அதைப் போட்டார். விரல்களை விலக்கினார். சிவப்பே இல்லை.

"கம்பைலர் மாமியார் வாயை அடைச்சுட்டீங்களா?" என்று சிரித்தாள் மேலாளர். "அனுப்பிடலாமா?"

"கொஞ்சம் பொறு."

மேசைமேல் இருந்த மாதிரி லிப்ட்டை மேலும் கீழுமாக ஓடவிட்டு, கதவுப் பொத்தானை விடாமல் அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் விரல் மரத்துப்போன நேரத்தில், இரண்டு மாடிக்கு நடுவே கதவு திறந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். திறப்புக்குப் பின்னால் வெறும் சுவர்.

சித்தப்பா அந்தச் சொல்லை அழித்தார். சிவப்பு திரும்பி வந்தது. "இன்னைக்கு எதுவும் போகாதும்மா. என் பழசும் போகக்கூடாது," என்றார். அவள் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கக் கைபேசியை எடுத்தாள்.

புதிய நிரல் ஒருவழியாக முடிந்து, பழைய லிப்ட்டுக்கும் அதை ஏற்றப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்து லிப்ட்காரர், மாடி வந்து நிற்கும்வரை கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே இத்தனை வருஷமும் போய்வந்திருக்கிறார்.

"ஏன்?" என்று கேட்டார் சித்தப்பா.

"இது எப்பவாவது அவசரப்படும் சார்."