பிள்ளையார் வேட்டியில் என் நீல மை

இன்னிக்கு ஒரு மை பேனா வாங்கிட்டேன்! இது பதினாலாவது. எங்க வீட்டுல சொல்லிடாதீங்க.

எந்தப் பேனா வாங்கினாலும் பிள்ளையார் பாதத்துல வெச்சு எடுத்துட்டுத்தான் ஸ்ரீராமஜெயம் எழுத ஆரம்பிப்பேன். காலிப் பேனாவை சாமிகிட்ட வைக்கக்கூடாதுன்னு கழுத்து வரைக்கும் மை ரொப்பிட்டு, முத்தியால்பேட்டையில எங்க தெருக் கோயிலுக்கு ஓடினேன்.

குருக்கள் மூடியைக் கழட்டிப் பாதத்துல வெச்சார். கற்பூரத் தட்டைக் கிட்டக் காட்டினார். அந்தச் சூட்டுல பேனா கக்கிடுச்சு. சாமியோட வெள்ளை வேட்டியில உள்ளங்கை அகலத்துக்கு நீலம்!

பின்னாடி நின்னவங்க எல்லாம் "அய்யய்யோ"ன்னாங்க.

குருக்கள் என்னைத் திட்டவேயில்லை. பேனாவைத் துடைச்சு, கட்டைவிரல் நகத்துல ஒரு சுழி போட்டுப் பாத்தார்.

"நிப்பு ஃபைனா, மீடியமா?"

அட, நம்ம ஆளு!

சாமிக்கு வேற வேட்டி சாத்திட்டு வந்து, அரை மணி நேரம் நிப்பைப் பத்தியே பேசினார். கிளம்பும்போது, "பேனா ஒரு மண்டலம் பாதத்துலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டார். சரின்னு வந்துட்டேன்.

வாசல் தாண்டித் திரும்பிப் பாத்தா, நாளைய அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் எழுதிட்டிருக்கார். என் பேனாவுல!

பிள்ளையார்கிட்ட பேனாவைத் திருப்பிக் கேக்குறது எப்படி? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.