நிலவறையில் முப்பதாயிரம் தோட்டா

பென்சில்வேனியாவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற வெர்லின் ஸ்டாஃபருக்கு எதிலும் அவசரம் கிடையாது, ஒன்றைத் தவிர. செவ்வாய்க்கிழமைதோறும் துப்பாக்கிக் கடைக்குச் சரக்கு லாரி வரும். கதவு திறக்க ஒரு மணி நேரம் முன்பே வாசலில் முதல் ஆளாக நிற்பார். ஆளுக்கு இரண்டு பெட்டித் தோட்டாதான் என்று கடையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வெர்லினா அசருவார்? மனைவி நேடினையும் இழுத்துக்கொண்டு போய் நான்காக வாங்கி வந்துவிடுவார்.

முன்பொரு தட்டுப்பாட்டில் கோடை முழுக்கக் குறி பார்த்துச் சுடத் தோட்டா கிடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தப் பயம் விடவில்லை. நிலவறையில் அடுக்கிக்கொண்டே போனார். வேடிக்கை என்னவென்றால், சேரச் சேர அவருக்குச் சுடவே மனம் வரவில்லை. ஒரு பெட்டியைப் பிரிக்க நினைத்தாலே, இதைத் திரும்ப வாங்க இன்றைக்கு என்ன விலையோ என்று தோன்றும்; எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் சுடும் மைதானத்துக்கு வெறுங்கையோடு போய், காப்பி குடித்து, விலைவாசியைத் திட்டிவிட்டு வருவதோடு சரி.

அங்கே நாற்பது வருடமாக அவருக்குப் பக்கத்தில் நின்று சுடுபவர் ஓரின் கெப்லர். ஏப்ரலில் ஒருநாள் அவர் கேட்டார்.

"கண்ணு போகுதாம் வெர்லின். பனி விழுறதுக்குள்ள குறி பாக்க முடியாமப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ஆசை தீரச் சுட்டுடணும். கடைக்குப் போறப்பல்லாம் தீந்து போச்சுங்கிறான். ரெண்டு பெட்டி இருந்தாக் குடேன்."

"எங்கப்பா இருக்கு? நானே காஞ்சு போய்க் கிடக்கேன்."

வாய் முந்திக்கொண்டது. அன்று நேடினும் கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஓரின்கிட்டயா பொய் சொன்ன?"

"விலை கொஞ்சம் இறங்கட்டும். நானே கொண்டு போய்க் குடுக்கிறேன்."

"அதுவரைக்கும் அவன் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா?"

பேராசை என்று சொன்னால் அது அநியாயம். இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் மனிதரை ஆட்டிவைத்தது. கோடை போயிற்று, விலை இறங்கவில்லை. கடைசியில் அக்டோபரில், வெட்கம் பிடுங்கித் தின்ன, பத்துப் பெட்டிகளோடு ஓரின் வீட்டுக்குப் போனார்.

ஓரின் பெட்டிகளை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நடுவுல ஒரே கறுப்பா இருக்குடா. ஓரத்துல மட்டும் நீ தெரியுற."

"ஓரின், அன்னிக்கு நான்..."

"உன் நிலவறை எனக்குத் தெரியாதா? நேடின் மே மாசமே ரெண்டு பெட்டி எடுத்துட்டு வந்தா. நான்தான் வேண்டான்னு திருப்பி அனுப்பிட்டேன். நீயா வருவேன்னு இருந்தேன்."

வெர்லின் ஒரு பெட்டியைப் பிரித்து ஓரின் கையில் வைத்தார்.

"சரி, நீ சுடு. கொல்லையில குறிக்கு இரும்புத் தகடு தொங்குது. டங்குனு ஒரு சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

வெர்லின் கொல்லைக்குப் போய் ஓரினின் துப்பாக்கியைத் தூக்கினார். இரண்டு வருடமாகத் துப்பாக்கி தொடாத கைக்குக் குறி மறந்து போயிருந்தது. பத்துத் தோட்டாவும் தகட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தன.

காதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஓரின் மெல்லக் கேட்டார்.

"ஒண்ணுகூடப் படலையாடா?"