விமானம் போகட்டும்

எங்கள் திரிசூலத்தில் பேச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைக்கு மேல் விமானம் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். மலைகளுக்கு நடுவே சோழர் காலத்துச் சிவன் கோயிலும் எங்கள் வீடுகளும், ரயில் பாதையைத் தாண்டினால் விமான நிலையம். சத்தம் மலையில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். குருக்கள்கூடப் பாதி மந்திரத்தில் நிறுத்தி, கற்பூரத் தட்டோடு காத்திருப்பார். குழாயடிச் சண்டையில் பெண்கள் இடுப்பில் கைவைத்து முறைத்தபடி நிற்பார்கள். விமானம் போனதும் விட்ட வசவிலிருந்து தொடங்குவார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை, அது பாட்டுக்குப் பழகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் என்னைப் பெண் பார்க்கச் சேலையூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் என்னை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தைத்தான் பார்த்தார்கள். இவர் மட்டும் என்னைப் பார்த்து, “கேசரி நல்லாருக்கு” என்றார். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. இவரை விடவே கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

அவருடைய அம்மா கேட்டார்: “எங்க பையனைப் பிடிச்சிருக்காம்மா? தயங்காம சொல்லு.”

வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன விமானம் வந்துவிட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது. அப்பா, அம்மா, ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காக்கள் எல்லோரும் கப்சிப். தலையையாவது ஆட்டியிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. சேலையூர்க்காரர்களுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? பெண்ணுக்கு இஷ்டமில்லை, சொல்லத்தான் தயங்குகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அம்மா முகம் சுருங்கி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினார்.

பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். விமானத்தோடு போட்டி போட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன்.

“எனக்கு அவர ரொம்பப் புடிச்சிகீது!”

கத்த ஆரம்பித்தபோது இருந்த விமானம், முடிக்கும்போது இல்லை. வழக்கப்படி ஊரே வாயை மூடிக்கொண்டிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. மலை வேறு அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

“இன்னாடி இது!” என்று அப்பா தலையில் கைவைத்தார். ஒற்றைக் காலில் செருப்போடு நின்ற அந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கேட்டுச்சும்மா. தாம்பரம் வரைக்கும் கேட்டிருக்கும்,” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “தம்பி, உங்களுக்குப் புடிச்சிகீதா?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அடுத்த விமானம் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி, அது போகும்வரை காத்திருந்தார்.